ஊவா மலைகளும் சமுத்திரத்தின் காபன் களஞ்சியமும்

மழைமேகம் கலைந்து வானம் தெளிந்திருக்கும் காலை வேளைகளில், அப்புத்தளைக்குக் கிழக்கே, 1890 ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் எழுப்பிய தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்கும் மேலாக உயர்ந்து நிற்கும் மலைமுகட்டில் ஏறித் தெற்கே நோக்குவோருக்கு, கொழுந்து தளிர்த்த சரிவுகளும் அவற்றின் கீழே வரண்ட வலயத்துச் சமவெளியும் தாண்டி, அம்பாந்தோட்டைக் கரையோரமும் இந்து சமுத்திரத்தின் நீல விளிம்பும் கண்ணுக்குத் தென்படுவதுண்டு. ஆயினும் பதுளை, பசறை, வெலிமடை, பண்டாரவளைப் பிரதேசங்களில் வாழும் தோட்ட மக்களின் மனத்தில் கடல் மிகத் தூரத்து வஸ்துவாகவே இருந்துவருகிறது; உப்பையும் கருவாட்டையும் தவிரக் கடலிலிருந்து மலைக்கு வருவது யாது, மலையிலிருந்து கடலுக்குச் செல்வது யாது என்று கேட்டால், மழையும் ஆறும் என்று சொல்லி நிறுத்திக்கொள்வோரே பெரும்பாலோர். அந்த மழையும் ஆறும் தம்முடன் சுமந்து செல்லும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு சரக்கைப் பற்றியே இக்கட்டுரை. சமுத்திரம் காபனைக் கிரகித்து வைத்துக்கொள்ளும் ஆற்றலுக்கு மூலதனமாக அமைந்திருப்பது மலைப்பாறைகளிலிருந்து கரைந்து செல்லும் அந்தச் சரக்கேயாகும்.

முதலில் அளவுகளை நோக்குவோம். பூமியின் வாயுமண்டலத்தில் இன்று காபனீரொட்சைட்டு வடிவத்தில் இருக்கும் காபன் ஏறத்தாழ 90,000 கோடி தொன். தொழிற்புரட்சிக்கு முன்னர் அது 60,000 கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. சமுத்திரத்தில் அடங்கியிருக்கும் காபனோ ஏறத்தாழ 38 இலட்சம் கோடி தொன், அதாவது காற்றில் உள்ளதைப் போல் நாற்பது மடங்குக்கும் அதிகம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தும் காடுகளை அழித்தும் மனித குலம் வருஷந்தோறும் காற்றில் சேர்க்கும் சுமார் 1,100 கோடி தொன் காபனில், பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி காற்றிலேயே தங்கிவிட, ஒரு பகுதியைத் தரையின் தாவரங்களும் மண்ணும் ஏற்றுக்கொள்ள, நாலில் ஒரு பங்கைச் சமுத்திரம் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பதுளை நகரத்து பஸ் வண்டியின் புகையானாலும், தேயிலை ஸ்டோரில் கொழுந்தை உலர்த்த எரிக்கும் விறகின் புகையானாலும் இந்தப் பங்கீட்டுக்குப் புறம்பானதன்று. இந்த உபகாரத்தைச் சமுத்திரம் செய்யாதிருந்தால் இன்று நாம் காணும் உஷ்ண அதிகரிப்பு இன்னும் விரைந்து வந்திருக்கும்.

இத்தனை காபனைக் கடல்நீர் எவ்வாறு தாங்குகிறது? வாயுக்கள் குளிர்ந்த நீரில் அதிகமாகவும் சூடான நீரில் குறைவாகவும் கரையும் என்பது, வெயிலில் கிடந்த சோடாப் போத்தலைத் திறந்தவர்கள் யாவரும் கண்டறிந்த உண்மை. கிரீன்லாந்துக்கு அருகிலும் அந்தாட்டிக் கண்டத்தைச் சூழ்ந்தும் உள்ள கடும் குளிர்க் கடல்களில் நீர் கனத்து ஆழத்துக்கு இறங்கும்போது, தான் கரைத்து வைத்த வாயுவையும் உடன்கொண்டு இறங்குகிறது. இறங்கிய நீர் மீண்டும் மேற்பரப்புக்கு வர நூற்றாண்டுகள், சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகள் செல்கின்றன. நமது இந்து சமுத்திரம் வடதிசையில் ஆசியாக் கண்டத்தால் அடைக்கப்பட்டிருப்பதால் அதற்கு வடதுருவக் குளிர் இல்லை. அதன் அடியாழத்தை நிரப்பும் நீர் தென்துருவப் பக்கத்திலிருந்தே ஊர்ந்து வரவேண்டியிருக்கிறது. ஆனால் வெறும் கரைதல் மாத்திரமே காரணமென்றால் சமுத்திரத்தின் களஞ்சியம் இத்தனை பெரிதாக இருந்திருக்க முடியாது. கடல்நீரில் உள்ள கரைந்த காபனை நூறு பங்காக வகுத்தால், வாயுவாகவே கரைந்து நிற்பது ஏறக்குறைய ஒரு பங்குதான். ஒன்பது பங்களவு காபனேற்று. எஞ்சிய தொண்ணூறு பங்கும் இருகாபனேற்று என்னும் வடிவத்தில் அமைந்திருக்கிறது. பிராணவாயு நீரில் கரைந்தால் பிராணவாயுவாகவே கிடக்கிறது. காபனீரொட்சைட்டோ நீருடனும் நீரிலுள்ள காரத்துடனும் கூடி வேறொரு பொருளாகப் பரிணமித்துவிடுகிறது. அந்தக் காரத்தன்மை கடலுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேடினால், நாம் கரையை விட்டு ஆறுகளின் வழியே மேலே ஏறி, ஊவாவைப் போன்ற மலைநாடுகளுக்கே வந்து சேருகிறோம்.

மழைத்துளி வானத்திலிருந்து விழும்போதே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மாசற்ற மழைநீரின் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.6. அத்துளி மண்ணுள் இறங்கும்போது அமிலத்தன்மை மேலும் மிகுகிறது. ஏனெனில் தேயிலை வேர்களும் புழுபூச்சிகளும் கணக்கற்ற நுண்ணுயிர்களும் இடைவிடாது சுவாசிக்கும் மண்ணுக்குள்ளே இருக்கும் காற்றில் காபனீரொட்சைட்டின் செறிவு வெளிக்காற்றிலுள்ளதைவிடப் பல பத்து மடங்காக இருக்கும். இவ்வாறு புளித்த நீர் பாறையைத் தொடுகிறது. மலைநாட்டின் பெரும்பகுதியாகிய உருமாறிய கடும்பாறைகளை அது மிக மெதுவாக அரிக்கிறது. அவற்றினிடையே ஊவாவில் ஆங்காங்கே பட்டை பட்டையாக ஓடும் பளிங்குச் சுண்ணக்கல்லையும் டொலமைட்டையும் விரைவாகக் கரைக்கிறது. பாறையிலிருந்து கல்சியமும் மக்னீசியமும் விடுபட, காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்த வாயு அவற்றுக்குத் துணையாக இருகாபனேற்றாகி நீரோடு செல்கிறது.

இதனை நம்புவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. சுண்ணக்கற்பட்டை உள்ள இடத்துக் கிணற்று நீரையோ பீலி நீரையோ நாள்தோறும் கொதிக்க வைக்கும் வீட்டில், தேநீருக்கு வெந்நீர் வைக்கும் கேத்தலின் உட்புறத்தைப் பார்த்தால் சாம்பல் கலந்த வெண்மையில் ஓர் ஓடு படிந்திருக்கும். நகத்தால் கீறினால் செதிலாகப் பெயரும். அச்செதிலின்மேல் தேசிக்காய்ச் சாறு சில சொட்டு விட்டால் அது மெல்லச் சீறி நுரைக்கும். நீர் கொதித்தபோது இருகாபனேற்று பிரிந்து ஒரு பாதி வாயுவாக ஆவியோடு வெளியேற, மறுபாதி சுண்ணமாகப் படிந்தது. அந்தச் சுண்ணத்தில் சிறைப்பட்டிருந்த வாயுவே புளிப்பு பட்டதும் நுரையாக விடுதலை பெறுகிறது. அடுப்பில் ஏற்றப்படாத நீர், அதே சரக்கைக் குலையாமல் ஏந்திக்கொண்டு ஓடையில் இறங்கி, பதுளு ஓயாவில் கலந்து, துன்ஹிந்த அருவியில் குதித்து, மகாவலி கங்கையைச் சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது.

ஊவாவின் நிலவமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. அப்புத்தளை மலைத்தொடரின் வடபுறத்தில் விழும் மழை உமா ஓயா, பதுளு ஓயா வழியாக மகாவலியை அடைந்து வங்காள விரிகுடாவுக்குச் செல்ல, அதே தொடரின் தென்புறத்தில் விழும் மழை கிரிந்தி ஓயாவாகவும் வளவை கங்கையின் கிளைகளாகவும் தென்கடலுக்குச் செல்கிறது. நமுனுகுலைச் சரிவுகளில் ஊற்றெடுக்கும் மாணிக்க கங்கையோ கதிர்காமத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆடித் திருவிழாவுக்குக் கால்நடையாகவும் வண்டியிலும் சென்று அந்தத் தீர்த்தத்தில் மூழ்கியெழும் தோட்டத்து அடியார்கள், தங்கள் மலைப்பாறைகள் கரைந்த நீரிலேயே நீராடுகிறார்கள். 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின் மூலம், வடக்கே மகாவலிக்குச் சென்ற நீரில் ஒரு பகுதி நீண்ட சுரங்க வழியாக வெல்லவாயைப் பக்கம் இறக்கப்பட்டு, மின்சாரம் பிறப்பித்தபின் கிரிந்தி ஓயாவின் வடிநிலத்துக்குத் திருப்பப்படுகிறது. ஆதலால் வெலிமடைப் பாறை கரைத்தனுப்பும் காரச் சரக்கிலும் ஒரு பங்கு இப்போது கீழைக்கடலை விட்டுத் தென்கடலுக்கு முகவரி மாறியிருக்கிறது.

உலகத்து ஆறுகள் யாவும் சேர்ந்து வருஷத்துக்கு ஏறத்தாழ 40 கோடி தொன் காபனை இவ்விதம் கரைந்த வடிவில் கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆயினும் பாறைக்குப் பாறை இதன் பலன் வேறுபடும் என்பதைக் கவனிக்க வேண்டும். சுண்ணக்கல் கரையும்போது இருகாபனேற்றின் ஒரு பாதிக் காபன் காற்றினுடையது, மறுபாதி கல்லினுடையதே. கடலில் சிப்பியும் பவளமும் அதனை மீண்டும் ஓடாகக் கட்டும்போது, காற்றினின்றும் வாங்கிய பாதி வாயுவாகத் திரும்பி வெளிப்படுகிறது. பவளப்பாறை காபனைச் சேமிக்கிறது என்று பொத்தம்பொதுவாகச் சொல்வது இக்காரணத்தால் பிழையாகும். சிலிக்கா மிகுந்த கடும்பாறை கரையும்போதோ காபன் முழுவதும் காற்றிலிருந்தே எடுக்கப்படுவதால், ஓடு கட்டிய பிறகும் இரண்டில் ஒரு பங்கு நிரந்தரமாகக் கடலடியில் புதைந்துவிடுகிறது. பூமியின் சீதோஷ்ணத்தைப் பல கோடி ஆண்டுகளாக உயிர்கள் வாழத்தக்க எல்லைக்குள் காத்துவந்தது இந்த மந்தமான அரிப்பேயாகும்.

தேயிலைத் தோட்டங்களில் இந்த இயற்கைக் கிரியையோடு மனிதனின் கையும் சேர்ந்திருக்கிறது. தேயிலைக்கு இயல்பாகவே புளித்த மண் உகந்தது, பி.எச். 4.5 முதல் 5.5 வரை அதற்கு நலம். ஆனால் ஆண்டாண்டாக இடப்படும் அமோனியா உரங்கள் மண்ணை அளவுக்கு மீறிப் புளிக்கச் செய்வதால், தலவாக்கலையில் தலைமையகம் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி, கவ்வாத்து வெட்டும் பருவத்தையொட்டி மலைகளில் டொலமைட் தூவுவது வழக்கம். மாத்தளை, திகன முதலிய இடங்களில் தோண்டி அரைத்த அந்த வெண்பொடியைச் சாக்கில் சுமந்து சரிவுகளில் விசிறும் தொழிலாளர், தம்மை அறியாமலே கடலின் கணக்கேட்டிலும் ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த வரி வரவா செலவா என்பது மண்ணைப் பொறுத்தது. காபோனிக் அமிலத்தால் கரைந்தால் அப்பொடி காற்றிலிருந்து வாயுவை எடுத்துக்கொள்ளும்; உரம் விளைவித்த நைத்திரிக் அமிலத்தால் தாக்குண்டாலோ தன்னுள் இருந்த வாயுவை மேலே விட்டுவிடும். மிகப் புளித்த தேயிலை மண்ணில் பின்னையதே அதிகம் நிகழும். இன்று இந்தியாவின் டார்ஜீலிங் தோட்டங்களில், சுண்ணமல்லாத எரிமலைப் பாறைப் பொடியைத் தூவி, அதன் அரிப்பினால் காற்றின் காபனை ஆற்றுக்கும் கடலுக்கும் அனுப்பும் முயற்சி தொடங்கியிருக்கிறது. ஊவாவுக்கும் அத்தகைய ஆலோசனைகள் ஒருநாள் வரலாம். வரும்போது, வரும் பொடி எந்தப் பாறையினது, மண்ணின் புளிப்பு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டே அவற்றை ஏற்க வேண்டும்.

பாறை ஒருபுறமிருக்க, காற்றின் பங்கையும் நோக்குவோம். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமற்ற கச்சானாக ஊவாவின்மேல் இறங்குகிறது. அந்த வரட்சியில் வாடிய கொழுந்தே உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த தனிநறுமணத்தைப் பெறுகிறது. அதே காற்று இங்கு வந்து சேருமுன் சோமாலியா, ஓமான் கரைகளை ஒட்டி அசுர வேகத்தில் வீசி, அரபிக் கடலின் மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழும்புகிறது. ஆழத்தில் நெடுங்காலம் கிடந்த அந்நீர் காபன் மிகுந்தது. வெயில் பட்டுச் சூடேறியதும் அது வாயுவைக் காற்றுக்கு விடுகிறது. ஆகவே உலகச் சமுத்திரம் மொத்தத்தில் காபனை உள்வாங்கினாலும் அரபிக் கடல் வெளிவிடும் கடலாக இருக்கிறது. ஆனால் மேலெழும்பும் நீர் உரச்சத்தையும் கொண்டுவருவதால், அதே பருவத்தில் இலங்கையின் தென்கரையை அடுத்த கடலில் நுண்தாவரங்கள் செழித்துப் பெருகுவதைச் செய்மதிப் படங்கள் பசுமைத் திட்டாகக் காட்டுகின்றன. அப்புத்தளை முகட்டிலிருந்து தென்படும் கடற்பரப்பு, பங்குனியில் இருந்ததைப் போல் ஆடியில் இல்லை.

இந்த நுண்தாவரங்கள் சாமானியமானவை அல்ல. உலகக் காடுகளும் வயல்களும் தோட்டங்களும் சேர்ந்து வருஷத்தில் கட்டுப்படுத்தும் காபனுக்கு ஏறத்தாழச் சமமான அளவை, அதாவது சுமார் 5,000 கோடி தொன்னை, கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்கள் சூரிய ஒளியால் சமைக்கின்றன. அதில் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே தின்னப்பட்டு மீண்டும் வாயுவாகிவிட, சிறு பங்கு இறந்த உடலாகவும் எச்சமாகவும் இருளுக்குள் இறங்குகிறது. கடலடிச் சேற்றில் உண்மையாகவே புதைவது அதிலும் மிகச் சொற்பம். இவ்விறக்கம் நின்றுபோனால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு இப்போதிருப்பதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

மலையிலிருந்து வண்டலாகவும் காபன் கடலுக்குச் செல்கிறது. மகாவலியின் முகத்துவாரத்தை அடுத்த கொட்டியாரக் குடாவில் கரைக்கு மிக அண்மையிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கொன்று தொடங்கிப் பல்லாயிரம் அடி ஆழத்துக்கு இறங்குகிறது. ஆறு கொண்டுவரும் சேறு அவ்வழியே ஆழத்துக்குச் சரிந்துசெல்ல வாய்ப்பு உண்டு. இதைக் கேட்டு, மலைமண் அரிபடுவதும் ஒருவகையில் நன்மையே என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காட்டை வெட்டிய காலந்தொட்டு ஊவாவின் மேல்மண் கரைந்துகொண்டே இருக்கிறது. 1869 இல் மடுல்சீமையில் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது, மண் கரைவதோ நின்றபாடில்லை. கான் வெட்டியும் கல்லணை கட்டியும் மண்ணைத் தடுத்த பழைய தோட்ட முறைகள் தளர்ந்த இடங்களில் அது மேலும் விரைகிறது. உமா ஓயா சுமந்துவந்த வண்டல் ரன்தெம்பை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறுகிய காலத்திலேயே வெகுவாகத் தின்றுவிட்டது. கழுவிச் செல்லப்பட்ட மக்கின் ஒரு பகுதி வழியிலேயே சிதைந்து வாயுவாகிறது. ஒரு பகுதி அணைகளில் தங்கி அழுகுகிறது. கடலை அடைவது மிச்சமே. மண்ணில் இருக்கவேண்டிய காபன் மண்ணிலேயே இருப்பதுதான் மலைக்கும் நலம், கடலுக்கும் நலம்.

இனி, சமுத்திரம் எவ்வளவு காலம் நமது புகையை ஏற்கும்? அமெரிக்க விஞ்ஞானியான றொஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் என்பவருடன் 1957 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வழிகாட்டியது. காற்றில் காபனீரொட்சைட்டு நூற்றுக்குப் பத்து பங்கு கூடினால், மேற்பரப்புக் கடல்நீரின் மொத்தக் காபன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே கூடும் என்பது அதன் சாரம். உட்புகும் வாயுவை நடுநிலையாக்கும் காபனேற்று செலவாகச் செலவாகக் கடலின் ஏற்புத்திறன் குறைந்துகொண்டே போகும். தொழிற்புரட்சி தொடங்கிய நாள்முதல் சமுத்திரம் நம்மிடமிருந்து ஏற்றுக்கொண்ட காபன் ஏறத்தாழ 18,000 கோடி தொன். அதன் விலையாக மேற்பரப்பு நீரின் பி.எச். 8.2 இலிருந்து 8.1 க்கு இறங்கியிருக்கிறது. அந்த ஒரு தசம வித்தியாசம், ஐதரசன் அயன்கள் நூற்றுக்கு முப்பது பங்களவு பெருகியதைக் குறிக்கிறது. சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுதல் அந்த அளவுக்குக் கடினமாகிறது. மேலதிக உஷ்ணத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடலே ஏற்றிருக்கிறது. 1998 இல் இலங்கையின் தென்கரை, மேல்கரைப் பவளங்கள் பெருவாரியாக வெளிறி இறந்தது கடல்நீர் சூடேறியதனாலேயே. சூடேறிய கடலின்மேல் காற்று அதிக நீராவியை ஏந்துகிறது. அந்த நீராவி மழையாகக் கொட்டும் இடங்களுள் நமது சரிவுகளும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களைப் புதைத்த மண்சரிவை இப்பிரதேசம் மறவாது. ஒரு சரிவுக்கு இதுவே காரணம் என்று நிறுவுவது கடினமாயினும், கனமழையின் கனம் கூடிவருகிறது என்பதில் ஐயமில்லை.

பாறை அரிப்பினால் கடலின் காரம் மீண்டும் நிரம்புமே என்று கேட்கலாம். நிரம்பும், ஆனால் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். வருஷத்துக்கு 1,100 கோடி தொன் எரிப்பவருக்கு, வருஷத்துக்கு 40 கோடி தொன் சுமக்கும் ஆறுகள் ஈடுகொடுக்க மாட்டா. நமுனுகுலையின் பாறைகள் தம் கடமையில் தவறவில்லை. நமது அவசரத்துக்கு அவை உடன்பட்டு ஓட இயலாது, அவ்வளவே.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுகூரத் தக்கது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை 1958 மார்ச் முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கி, பத்து இலட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்தது ஏறிவருவதை உலகுக்குக் காட்டிய சார்ள்ஸ் டேவிட் கீலிங், அந்த வேலைக்கு வந்தது ஆற்று நீரின் வழியாகத்தான். ஓடைநீரிலுள்ள காபனேற்று, சுண்ணக்கல்லுடனும் காற்றுடனும் சமநிலையில் இருக்கிறதா என்று அறியவே, 1950 களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் அவர் நீரையும் காற்றையும் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை எடுத்து அளந்தார். இன்று பத்து இலட்சத்தில் 420 பங்கையும் தாண்டிவிட்ட அந்தக் கணக்கின் பிறப்பிடம் ஓர் ஓடைக்கரை.

பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நீர்வாழ் வளங்களைப் பற்றிய தொழினுட்பக் கல்வியும் அங்கு நடைபெறுகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் பதுளையிலும் பண்டாரவளையிலும் உண்டு. அளவியும் குழாயியும் ஐதான அமிலமும் மெதைல் செம்மஞ்சளும் அவற்றின் ஆய்வுகூடங்களில் இருக்கின்றன. ஒரு நியமிப்பினால் ஓடைநீரின் காரத்தன்மையை அளந்துவிடலாம். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே முறையில், பதுளு ஓயாவின் நீரைத் துன்ஹிந்தவுக்கு மேலும் கீழும் எடுத்து, திகதியும் மழையளவும் சேர்த்து ஒரு கொப்பியில் பதியுமாறு ஊவாவின் விஞ்ஞான ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டிக்கொள்கிறேன். கொப்பியைப் படிப்பு முடித்துச் செல்லும் வகுப்பு அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கட்டும். டொலமைட் தூவிய ஆண்டிலும், உரம் குறைந்த ஆண்டிலும், வரட்சி நீண்ட ஆண்டிலும் அந்த எண் எவ்வாறு மாறுகிறதென்பதைப் பத்து ஆண்டுகளின் பதிவுகளே சொல்லும். அந்தப் பதிவை வேறெவரும் வந்து நமக்காக எழுதப்போவதில்லை.